பனி ஆராயப் போனவளிடம் ஊர் கேட்கும் கேள்விகள்

சென்ற தை மாதம் அம்மானின் அறுபதாம் கல்யாணத்துக்குக் காரைக்குடிப் பக்கத்துப் பள்ளத்தூர் வந்திருந்தேன். பட்டாலையில் உட்கார்ந்திருந்தவர்கள், பந்தியில் பக்கத்து இலைக்காரர்கள், முகப்பில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தவர்கள் என்று மூன்று நாளும் யாராவது ஒருவர் என்னைப் பிடித்து நிறுத்தி அதே கேள்விகளைக் கேட்டார்கள். ஸ்வீடனின் வடகோடியில், மாறிவரும் பனியைப் பற்றியும் அதை நம்பி வாழும் உயிர்களைப் பற்றியும் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். இது நான்காம் ஆண்டு. இலையில் வைத்த வெள்ளைப் பணியாரம் ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற விஷயமாக அது இல்லை. ஆகவே பொறுமையாக எழுதிவிட்டேன். அடுத்த கல்யாணத்தில் என்னைக் கண்டால் “சாப்பிட்டாயா?” என்று மட்டும் கேட்டால் போதும்.

பனியில் ஆராய என்ன இருக்கிறது? உருகினால் தண்ணீர்தானே?

தண்ணீர்தான். ஆனால் நம் ஊருணியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு இத்தனை மில்லிமீட்டர் மழை என்ற கணக்கை வைத்துக்கொண்டு ஊருணி நிறையுமா என்று யாராலும் சொல்ல முடியாது. ஐப்பசியில் நின்று பெய்ததா, சித்திரையில் ஒரு மணி நேரம் கொட்டிவிட்டு ஓடிவிட்டதா, வரத்துக்கால் அடைத்துக் கிடந்ததா என்றெல்லாம் கேட்க வேண்டும். பனியிடமும் அப்படித்தான் கேட்கிறேன். எப்போது விழுந்தது, எத்தனை நாள் கிடந்தது, நடுவில் மழை பட்டதா, அடிப்பகுதி உதிரியாக இருக்கிறதா, கட்டிதட்டிப் போயிருக்கிறதா?

அங்குள்ள சில செடிகள் ஆண்டில் எட்டு ஒன்பது மாதம் பனிக்கு அடியில் கிடக்கின்றன. மிஞ்சுகிற சில வாரங்களுக்குள் துளிர்த்துப் பூத்து விதைக்க வேண்டும். பனி பத்து நாள் முந்தி உருகினாலோ பிந்தி உருகினாலோ அந்தச் செடியின் அந்த ஆண்டுப் பிழைப்பே மாறிவிடும். அதைத்தான் அளந்துகொண்டிருக்கிறேன்.

மார்கழியில் நம் ஊரிலும்தான் பனி பெய்கிறது. அதை ஆராயலாமே?

‘தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்’ என்று நாம் சொல்கிற பனி வேறு. காற்றில் உள்ள ஈரம் இரவில் குளிர்ந்து புல்லிலும் ஓட்டிலும் துளியாகப் படிவது அது. ஊட்டியில் விடிகாலைப் புல்வெளி வெளுத்துக் கிடக்கிறதே, அது உறைபனி. நான் ஆராய்வது மேகத்திலேயே படிகமாகத் திரண்டு கீழே விழுவது. மூன்றையும் நாம் பனி என்றே சொல்லிவிடுகிறோம். நம் மண்ணில் விழாத ஒன்றுக்குத் தனிச் சொல் எதற்கு என்று முன்னோர் விட்டிருப்பார்கள்.

வடக்கு ஸ்காண்டிநேவியாவில் ரெயின்டீர் மான்களை மேய்க்கும் சாமி மக்களுக்கு அப்படி விட முடியாது. பனியின் அடித்தட்டில் சர்க்கரைபோல் உதிரும் பெரிய மணிகளுக்கு அவர்கள் மொழியில் ஒரு சொல். மேய்ச்சல் தரையோடு ஒட்டி உறைந்துபோன பனிக்கட்டித் தகட்டுக்கு வேறொரு சொல், ‘சுவொஹ்கி’. பனியைத் தோண்டி மான் மேய முடிகிற நிலைமைக்கு ‘குவொஹ்துன்’ என்று ஒரு சொல். இந்தக் கடைசிச் சொல்லை ஆங்கிலத்தில் சொல்ல எங்கள் ஆய்வுக் கட்டுரைகளில் ஒரு வரி தேவைப்படுகிறது. பனி மாறுகிறது என்பதை முதலில் கவனித்தவர்களும் மேய்ப்பர்களே. நாங்கள் பிறகுதான் கருவியோடு போனோம்.

ஆர்க்டிக் தெரியும். அது என்ன ஆர்க்டிக்-ஆல்பைன்?

வடதுருவத்தை ஒட்டிய நிலத்திலும், தெற்கே உள்ள உயரமான மலைகளில் மரம் வளராத உச்சிகளிலும் சேர்ந்தே காணப்படும் உயிரினங்களை அப்படிச் சொல்வோம். டிரையாஸ் என்ற எட்டிதழ் வெள்ளைப்பூ ஓர் எடுத்துக்காட்டு. ஆர்க்டிக் கடற்கரையிலும் இருக்கும், ஆல்ப்ஸ் மலையிலும் இருக்கும். சுமார் 12,900 ஆண்டுகளுக்கு முன்பு பூமி மறுபடி குளிர்ந்த ஒரு காலகட்டத்துக்கே இந்தப் பூவின் பெயரை வைத்திருக்கிறார்கள். அந்தக் காலத்து ஏரிச் சேற்றில் இதன் இலைகள் குவிந்து கிடந்ததுதான் காரணம்.

எனக்குப் பிடித்தது குள்ள வில்லோ. அது ஒரு மரம். உண்மையாகவே மரம், ஆனால் என் சுண்டுவிரல் உயரம்கூட இராது. தண்டு மண்ணுக்குள் படுத்திருக்கும், வட்டமான இரண்டு மூன்று இலைகள் மட்டும் வெளியே எட்டிப் பார்க்கும். 1732-இல் ஸ்காண்டிநேவியாவின் வடகோடியான லாப்லாந்துக்குப் பயணம் போன தாவரவியலாளர் லின்னேயஸ் இதைத்தான் மரங்களிலேயே சிறியது என்றார். பனி கடைசியாக உருகும் பள்ளங்களில் வளர்வது இது. டிரையாஸோ காற்று பனியை அடித்துக்கொண்டு போய்விடுகிற மேட்டில் வளர்வது. மேட்டுக்கும் பள்ளத்துக்கும் நடுவே சில இடங்களில் பத்தடி தூரம்கூட இராது. காரைக்குடியிலிருந்து கொடைக்கானல் போனால் செடி மாறுவதுபோல அந்தப் பத்தடியில் செடிகள் மாறிவிடும். மழையும் வெயிலும் இரண்டு இடத்துக்கும் ஒன்றுதான். பனி கிடக்கும் நாட்கள் மட்டுமே வேறு.

பனிக்கு அடியில் எல்லாம் விறைத்துச் செத்துப்போகாதா?

இதைக் கேட்டவர் என் ஆயா, அதாவது பாட்டி. ‘பாவம் ஆத்தா, அந்தச் செடிகளுக்கு யார் போர்த்திவிடுவது?’ என்றார். போர்த்திவிடுவது அந்தப் பனிதான் என்று சொன்னபோது என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

புதிதாக விழுந்த பனியில் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல் காற்றுதான். அடைபட்ட காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. நம் வீட்டுச் சுவரை நினைத்துக்கொள்ளுங்கள். சித்திரை வெயிலில் தெருவில் கால் வைக்க முடியாத நேரத்தில் இரண்டாம் கட்டு குளுமையாக இருக்கிறது அல்லவா? தடித்த செங்கல்லும் மேலே அடுக்கடுக்காகப் பூசிய சுண்ணாம்பும் வெளியே இருக்கும் சூட்டை உள்ளே விடாமல் பிடித்துவைக்கின்றன. அங்கே பனி அதே வேலையைத் தலைகீழாகச் செய்கிறது. கோடையில் மண் வாங்கிவைத்த சூட்டை வெளியே விடாமல் காக்கிறது. எனக்கு நினைவிருக்கும் ஒரு பிப்ரவரிக் காலையில் காற்றின் வெப்பநிலை மைனஸ் 27 டிகிரி. எண்பது சென்டிமீட்டர் பனியைத் தோண்டி மண்ணில் வெப்பமானியைச் செருகினால் மைனஸ் 2.

அந்த அடித்தளத்தில் ஒரு குடித்தனமே நடக்கிறது. மண்ணிலிருந்து எழும் நீராவி மேலே குளிர்ந்த அடுக்குக்குப் போய்ப் படிந்துகொண்டே இருப்பதால் அடிப்பனி கரைந்து கரைந்து பெரிய மணிகளாக மாறி, இடையில் சந்து விழுந்துவிடும். லெம்மிங் என்ற கொழுத்த சுண்டெலி போன்ற பிராணி அந்தச் சந்துகளில் வழி வெட்டிக்கொண்டு, பாசியையும் புல்லையும் தின்றுகொண்டு, புல்லைப் பந்தாகச் சுருட்டிக் கூடு கட்டிக் குளிர்காலத்திலேயே குட்டியும் போடும். வீசல் என்ற கீரிபோன்ற ஒல்லி வேட்டையாடி அதே வழிகளில் நுழைந்து லெம்மிங்கைத் தின்றுவிட்டு, அதன் கூட்டிலேயே அதன் மயிரை மெத்தையாக்கிப் படுத்துக்கொள்ளும். ஜூனில் பனி உருகியதும் புல்வெளியெங்கும் இந்தக் கூடுகள் நார்ப்பந்துகளாகக் கிடக்கும். அவற்றை எண்ணுவது என் வேலைகளில் ஒன்று. மயிர் மெத்தை இருந்தால் அதைத் தனிப் பத்தியில் குறித்துக்கொள்வேன்.

லெம்மிங்குகள் மூன்று முதல் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை பெருகி வழியும், பிறகு திடீரென்று குறையும். ஆர்க்டிக் நரியும் பனி ஆந்தையும் குஞ்சு குட்டிகளோடு பிழைப்பது அந்தப் பெருக்கத்தை நம்பித்தான். 1990-களில் தெற்கு நார்வே மலைகளில் அந்தப் பெருக்கங்கள் நின்றுபோயின. குளிர்காலம் வெதுவெதுப்பாகி, அடிப்பனி ஈரமாகி இறுகி, அந்தச் சந்துகள் உருவாகாமல் போனதோடு இதை ஆய்வாளர்கள் தொடர்புபடுத்துகிறார்கள். பனி அங்கே கிடக்கத்தான் செய்தது. அதற்குள் குடியிருக்க இடம்தான் இல்லாமல் போயிற்று.

அப்படியென்றால் வெயில் கூடினால் செடிக்குக் குளிருமா?

ஆம், அதுதான் வேடிக்கை. 2007 டிசம்பரில் வடக்கு ஸ்காண்டிநேவியாவில் சில நாள் திடீரென்று வெதுவெதுப்பாகிப் பனி உருகி ஓடிவிட்டது. பிறகு வழக்கமான கடுங்குளிர் திரும்பியது. செடிகளின் மேல் போர்வை இல்லை. அடுத்த கோடையில் செயற்கைக்கோள் படங்களைப் பார்த்தபோது 1,400 சதுர கிலோமீட்டருக்கும் அதிகமான நிலத்தில் பசுமை குறைந்திருந்தது. முக்கியமாக அடிபட்டது குரோபெரி என்ற கரும்பழப் புதர். உலகம் சூடாகிற காலத்தில் செடிகள் குளிரில் செத்த கதை இது.

வசந்தத்திலும் இதே கண்ணி உண்டு. பனி சீக்கிரம் உருகினால் செடி சீக்கிரம் துளிர்க்கும். ஆனால் மே மாத இரவுக் குளிர் நாட்காட்டி பார்த்து விலகுவதில்லை. இளந்தளிரும் மொட்டும் கருகிவிடும். மாமரம் பூத்திருக்கும்போது மழை பிடித்துக்கொண்டால் நம் தோட்டக்காரர்கள் என்ன பாடுபடுவார்களோ அந்தப் பாடுதான்.

குளிர்காலத்தில் மழை பெய்தால் என்ன? மழை நல்லதுதானே?

நம் ஊரில் மழையை வேண்டாம் என்று சொல்ல வாய் வராது. அங்கே ஜனவரி மழையைப் போலக் கெடுதி வேறில்லை. பனியின் மேல் மழை பெய்தால் தண்ணீர் உள்ளே இறங்கி, மறுபடி குளிரும்போது பனிக்கட்டித் தகடாக உறைந்துவிடும். ரெயின்டீர் மான் அரை மீட்டர் உதிரிப் பனியைக் குளம்பால் பறித்து, வாசனை பிடித்து, அடியிலுள்ள லைக்கன் பாசியைத் தின்னும். இரண்டு விரற்கடைத் தடிமனுள்ள பனிக்கட்டியை அதனால் உடைக்க முடியாது. சோறு கண்ணாடிக்குக் கீழே இருக்கிறது.

2013 நவம்பரில் ரஷ்யாவின் யமால் தீபகற்பத்தில் அப்படி ஒரு மழை பெய்து உறைந்ததில் 61,000 ரெயின்டீர்கள் பட்டினியால் செத்தன. மேய்ப்புக் குடும்பங்கள் பல மந்தையில்லாமல் நின்றன. ஸ்வீடனில் இப்படி ஆகும்போது சாமி மேய்ப்பர்கள் தீவனம் வாங்கிக் கொட்டுகிறார்கள். அதற்குப் பணம் வேண்டும்; தவிரவும் ஒரே இடத்தில் கூடித் தின்னும் மந்தையில் நோய் சீக்கிரம் பரவும்.

பனி குறைந்துதான் வருகிறதா? கணக்கு உண்டா?

உண்டு. வட அரைக்கோளத்தில் 1967 முதல் செயற்கைக்கோள் கொண்டு பார்க்கிறார்கள். ஜூன் மாதத்தில் ஆர்க்டிக் நிலத்தில் பனி மூடியிருக்கும் பரப்பு 2018 வரை பத்தாண்டுக்குச் சுமார் 13 விழுக்காடு வீதம் சுருங்கியிருக்கிறது. 1979-க்குப் பிறகு ஆர்க்டிக் பகுதி உலக சராசரியைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு வேகத்தில் சூடாகியிருக்கிறது என்று 2022-இல் கணக்கிட்டார்கள்.

எண்களைவிட எனக்கு மனத்தில் தங்கியது ஒரு புதரின் சாட்சி. இத்தாலிய ஆல்ப்ஸில் தரையோடு படர்ந்து வளரும் ஜூனிப்பர் புதர் பனிக்கு மேலே தலை நீட்டும் நாட்களில் மட்டுமே வளரும். ஆகவே அதன் ஒவ்வோர் ஆண்டு வளையமும் அந்த ஆண்டு எத்தனை நாள் பனிக்கடியில் கிடந்தது என்ற பதிவேடு. அறுநூறு ஆண்டு வளையங்களை எண்ணிப் பார்த்து, இப்போது பனி கிடக்கும் காலம் நெடுங்காலச் சராசரியைவிட 36 நாள் குறைந்துவிட்டது என்று 2023-இல் எழுதினார்கள்.

ஆனால் எல்லா இடத்திலும் குறைகிறது என்று நான் சொன்னதாக யாரும் சொல்லிவிட வேண்டாம். சூடான காற்று அதிக ஈரத்தைச் சுமக்கும். வெப்பம் கூடிய பிறகும் உறைநிலைக்குக் கீழேயே இருக்கும் இடங்களில் நடுக்குளிர்காலப் பனி கூடவும் செய்யலாம். அது கிடக்கும் காலம் இரு முனையிலும் தேய்கிறது, நடுவில் மழை புகுகிறது என்பதுதான் பொதுவான போக்கு. நான் வேலை செய்யும் அபிஸ்கோவில் 1913 முதல் வானிலைப் பதிவு இருக்கிறது. ஆர்க்டிக் வட்டத்துக்கு 200 கிலோமீட்டர் வடக்கே உள்ள அந்த ஊரின் ஆண்டுச் சராசரி வெப்பநிலை, பல காலம் பூஜ்யத்துக்குக் கீழே இருந்தது, இந்த நூற்றாண்டில் அதைத் தாண்டி வந்துவிட்டது. நீர் உறைவதும் உருகுவதும் அந்தக் கோட்டில்தான் என்பதால் மற்ற டிகிரிகளைப்போல இதை எண்ணிவிட முடியாது.

இன்னொன்று, கேட்டால் நம்ப மாட்டீர்கள். அபிஸ்கோவில் மழையும் பனியும் சேர்த்து ஆண்டுக்கு 300 மில்லிமீட்டரைச் சுற்றித்தான். காரைக்குடியில் பெய்வதில் மூன்றில் ஒரு பங்கு. மலைகள் மறைப்பதால் அது மழை மறைவுப் பிரதேசம்.

நாள் முழுவதும் என்னதான் செய்கிறாய்?

மார்ச், ஏப்ரலில் குழி தோண்டுகிறேன். ஸ்கீ போட்டுக்கொண்டு, கருவிகளை ஸ்லெட்ஜில் இழுத்துக்கொண்டு இடத்துக்குப் போய், தரை தட்டும்வரை வெட்டுவேன். வெயில் படாத பக்கத்துச் சுவரைச் செங்குத்தாகச் சீவி, தூரிகையால் இலேசாகத் துடைத்தால் அடுக்குகள் தெரியும். மேலே நேற்று விழுந்த மாவு, அதற்குக் கீழே காற்று அடித்து இறுக்கிய பலகை, நடுவில் நரம்புபோல ஒரு கண்ணாடிக் கோடு, அடியில் உதிரி மணி. அந்தக் கண்ணாடிக் கோடு இருந்தால் எந்த வாரம் மழை பெய்தது என்று வானிலைப் பதிவில் தேடுவேன்.

பத்து சென்டிமீட்டருக்கு ஒரு வெப்பநிலை எடுப்பேன். அடர்த்தி அளக்க உழக்குபோல ஓர் அளவுப் பெட்டி உண்டு. 100 கன சென்டிமீட்டர் பனியை அதில் வெட்டி எடுத்துத் தராசில் வைத்தால் 28 கிராம், 35 கிராம் என்று வரும். கடினம் அளப்பதற்கு உலகம் முழுவதும் பழகிய கருவி கைதான். மூடிய முஷ்டி உள்ளே போகிறதா? போகாவிட்டால் நான்கு விரல்? ஒரு விரல்? பென்சில்? கத்தி? இந்த ஐந்து படிகளை நோட்டில் குறிப்போம். இத்தனை செலவு செய்து வெளிநாடு போய் இட்லி வெந்துவிட்டதா என்று விரலால் குத்திப் பார்ப்பதுபோல் இருக்கிறதே என்று அப்பச்சி சிரித்தார். ஏறக்குறைய அதேதான். பிறகு மணிகளை ஒரு மில்லிமீட்டர் கட்டம் போட்ட கறுப்பு அட்டையில் கொட்டி, மூச்சுக் காற்றில் உருகாதபடி மூச்சைப் பிடித்துக்கொண்டு, உருப்பெருக்கியில் பார்ப்பேன். ஒரு குழிக்கு இரண்டு மணி நேரம். முடிந்ததும் மூடிவிட வேண்டும், மான் விழுந்துவிடும்.

நான் இல்லாத நாட்களில் வேலை பார்ப்பவை ஒரு ரூபாய் நாணயம் அளவுள்ள வெப்பப் பதிவுக் கருவிகள். இலையுதிர் காலத்தில் மண்ணில் இரண்டு விரற்கடை ஆழத்தில் புதைத்துவிட்டு அடுத்த கோடையில் எடுப்பேன். அதன் கோட்டைப் படிப்பது எனக்கு அலுக்காத வேலை. அக்டோபரில் பகலுக்கு ஒரு மேடு, இரவுக்கு ஒரு பள்ளம் என்று அலையடிக்கும். ஒருநாள் அலை அடங்கிவிடும். பனி மூடிய நாள் அதுதான். மே மாதத்தில் கோடு சரியாகப் பூஜ்யத்துக்கு வந்து வாரக்கணக்கில் அசையாமல் நிற்கும். உருகும் பனி வருகிற சூட்டையெல்லாம் தானே வாங்கிக்கொள்வதால் மண் பூஜ்யத்தைத் தாண்டுவதில்லை. பிறகு ஒரு காலையில் கோடு துள்ளி எழும். செடிக்குப் பொழுது விடிந்துவிட்டது என்று அர்த்தம்.

முதல் ஆண்டில் நான் செய்த முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். நாற்பது கருவிகளைப் புதைத்து அடையாளத்துக்கு ஒரு மீட்டர்க் குச்சிகளை நட்டேன். பள்ளத்தில் காற்று எவ்வளவு பனியைக் கொண்டுவந்து குவிக்கும் என்று என் காரைக்குடி மூளைக்கு எட்டவில்லை. ஏப்ரலில் போனால் குச்சிகள் எதையும் காணோம், எல்லாம் ஆளுயரப் பனிக்குள். ஜூலைவரை காத்திருந்து முப்பத்தொன்றை மீட்டேன். இரண்டில் லெம்மிங் பல் பட்டிருந்தது.

குளிருக்கு என்ன உடுத்துகிறாய், என்ன சாப்பிடுகிறாய்?

கம்பளி உள்ளாடை, அதன் மேல் கம்பளி, அதன் மேல் காற்றுப் புகாத கோட். பருத்தி உடம்பில் படக்கூடாது. வியர்த்தால் ஈரம் காயாது. ஆயா கொடுத்தனுப்பிய கண்டாங்கி என் அறையின் சன்னல் திரையாக இருக்கிறது. சாப்பாட்டுக்குப் பருப்புப் பொடியும் மிளகும் ஊரிலிருந்து வருகின்றன. இட்லி மாவு அங்கே பொங்குவதே இல்லை, ரேடியேட்டரின் மேல் வைத்துப் பார்த்துவிட்டேன். கைப்பேசி குளிரில் சட்டென்று அணைந்துவிடும் என்பதால் மின்கலங்களைச் சட்டைக்குள் நெஞ்சோடு வைத்திருப்பேன். 1953-இல் காரைக்குடியில் திறந்த மின்வேதியியல் ஆய்வு நிறுவனமான சிக்ரி இருக்கும் ஊர்க்காரர்களுக்கு மின்கலத்தைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை.

எத்தனை ஆண்டுப் படிப்பு? சம்பளம் உண்டா?

அந்தக் காலத்தில் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிற்க, அதாவது வட்டித் தொழில் செய்யப் போனவர்கள் மூன்று ஆண்டுக் கணக்கு முடித்து ஊர் திரும்புவார்கள். என் கணக்கு ஐந்து ஆண்டு. ஸ்வீடனில் முனைவர் பட்டம் நான்கு ஆண்டு முழுநேர வேலைக்குச் சமம். நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கைப் பாடம் நடத்தச் செலவிட்டால் ஐந்தாகிவிடும். மாதச் சம்பளம் உண்டு, வரியும் உண்டு. அந்தக் கடைகளின் கணக்கில் கடைநிலைப் பெட்டியடிப் பையனும் இல்லை, தலைமை மேலாளும் இல்லை. நடுவிலிருக்கும் அடுத்தாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான்கைந்து ஆய்வுக் கட்டுரைகளைச் சேர்த்துக் கட்டி, அவற்றை இணைக்கும் முன்பகுதி ஒன்று எழுத வேண்டும். அதற்கு அவர்கள் மொழியில் ‘கப்பா’ என்று பெயர், கோட் என்று பொருள். வாய்மொழித் தேர்வுக்கு மூன்று வாரம் முன்பு ஆய்வேட்டை எல்லோரும் பார்க்கும்படி பல்கலைக்கழகச் சுவரிலோ பலகையிலோ அடிக்க வேண்டும். சுத்தியும் ஆணியும் கொண்டு, நிஜமாகவே. அந்த நாளுக்கு வரப்போவதாக அப்பச்சி சொல்லியிருக்கிறார். பர்மாத் தேக்கில் ஆணி அடித்த கை தன் வீட்டுக் கை என்கிறார்.

இதனால் நமக்கு என்ன?

நேராகச் சொன்னால், பள்ளத்தூர் ஊருணிக்கு ஒன்றுமில்லை. வைகைக்கோ காவிரிக்கோ பனி உருகிய நீர் ஒரு சொட்டும் வருவதில்லை. சிந்து நதிக்கு நிறைய வருகிறது. ஆர்க்டிக் பனிக்கும் நம் ஐப்பசி மழைக்கும் கயிறு கட்டிக் காட்டு என்று கேட்பவர்களிடம் நான் பொய் சொல்லப் போவதில்லை.

ஆனால் இரண்டு விஷயங்கள் உலகத்துக்கே பொது. மொட்டை மாடிக்கு ஏன் வெள்ளைச் சுண்ணாம்பு அடிக்கிறோம்? புதுப்பனி தன் மேல் படும் ஒளியில் 80 முதல் 90 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. பனி போன வெற்று நிலம் 20 விழுக்காட்டைக்கூட அனுப்புவதில்லை. பூமியின் மாடியில் சுண்ணாம்பு உதிர்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, வடக்கே ஆண்டு முழுவதும் உறைந்தே கிடக்கும் நிலத்தில் சுமார் 1.5 லட்சம் கோடி டன் கார்பன் புதைந்திருக்கிறது. காற்றில் இருப்பதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. குளிர்காலத்திலும் மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் அதைத் தின்று கரியமில வாயுவை விடுகின்றன. மேலே பனி தடித்துக் கிடந்தால் மண் சற்று வெதுவெதுப்பாக இருக்கும், அவையும் அதிகம் தின்னும். பனி இங்கே செடியைக் காக்கிறது, அங்கே புதையலைக் கரைக்கிறது. நல்லதா கெட்டதா என்று ஒரே வரியில் கேட்டால் என்னிடம் பதில் இல்லாததற்கு இதுதான் காரணம்.

இதற்கு ஸ்வீடன் வரை போக வேண்டுமா? இந்தியாவில் பனி இல்லையா?

தாராளமாக இருக்கிறது. இமயமலையின் ஸ்பிதிப் பகுதியில் 2016 முதல் ‘ஹிமான்ஷ்’ என்ற உயர்மலை ஆய்வு நிலையம் இயங்குகிறது. ஆர்க்டிக்கிலேயே, ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தின் நியூ ஆலசுண்டில், ‘ஹிமாத்ரி’ என்ற இந்திய நிலையம் 2008 ஜூலையில் திறக்கப்பட்டது. எனக்கு முதலில் கிடைத்த வேலை ஸ்வீடனில். நூறாண்டுப் பதிவேடு கையருகே இருக்கிறது என்பதால் அங்கேயே தங்கிவிட்டேன்.

எங்கள் பெண் தாவரவியல் படிக்கிறாள். அவளும் வரலாமா?

வரலாம். முதுகலை முடிக்கட்டும். அங்கே முனைவர் பட்ட இடம் என்பது வேலை விளம்பரமாகவே பல்கலைக்கழகத் தளங்களில் வரும். நேரே விண்ணப்பிக்கலாம், கல்விக் கட்டணம் கிடையாது. இடம் வாங்கித் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம். புள்ளியியலும் கொஞ்சம் நிரல் எழுதவும் படிக்கச் சொல்லுங்கள். அதைவிட முக்கியமாக, கண்மாய்க் கரையில் இருக்கும் நூறு செடிகளைப் பூவில்லாமலே பெயர் சொல்லப் பழகட்டும். நேர்காணலில் என்னை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் என் மதிப்பெண் இல்லை, நான் காட்டிய செடிக் குறிப்பேடு என்று பிறகு வழிகாட்டி சொன்னார்.

சூரியனே வராத ஊரில் பயமாக இல்லையா?

டிசம்பர் தொடக்கத்திலிருந்து ஜனவரி தொடக்கம்வரை சூரியன் எழாது. நண்பகலில் நீல வெளிச்சம் சில மணி நேரம் இருக்கும். பயம் இல்லை; தூக்கம்தான் கெடுகிறது. ஜூனில் சூரியன் மறையாதபோது இன்னும் கெடுகிறது. மலைக்குத் தனியாகப் போவதில்லை, இரண்டு பேராகத்தான் போவோம். பனிச்சரிவு எச்சரிக்கை இருந்தால் அறையில் உட்கார்ந்து எழுதுவோம்.

கல்யாணம்?

ஆணி அடித்த பிறகு பேசலாம்.

ஆயா கேட்டது: அந்தப் பனியில் ஒரு கை கொண்டுவர முடியாதா?

கொண்டுவர முடியாது, படம் கொண்டுவந்தேன். கறுப்பு அட்டையில் கொட்டிய அடிப்பனி மணிகள், பெரிதாக்கி எடுத்தது. ஒவ்வொன்றும் ஓரம் கூராக, உள்ளே குழிந்து, படிப்படியாக வரி ஓடிய கிண்ணம். ஆயா படத்தை முற்றத்து வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், பூதக்கண்ணாடி வைத்து வெகுநேரம் பார்த்தார்.

“கல்கண்டு அல்லவா இது?”

“பனி, ஆயா.”

“எறும்பு வராதா?”

வராது என்றேன். நம்பிய மாதிரி தெரியவில்லை.